மெட்ரோவுக்கு விடும் பத்து விநாடி

எழுபத்திரண்டு. பிரெஞ்சுப் புறநகரான ஸ்தேனில் கஜானி குடியிருக்கும் கட்டிடத்தின் வாசலிலிருந்து நாலாம் மாடிக் கதவு வரை அத்தனை படிகள். லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில்தான் அவள் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள் என்று தெரிந்த அயலவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள். முதலில் அவளும் சிரித்தாள். மாமியார் சிசிலியாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகத் தொடங்கியபின் சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை கணவன் யோனுக்கு லீவு. மற்ற இரண்டு நாளும் கஜானியின் பொறுப்பு. பன்னிரண்டேகாலுக்கு நோயாளர் வண்டி மாமியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கும். அவரைக் கைத்தாங்கலாகப் படியேற்ற வேண்டும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மாமி நின்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வார். அது செபமும்தான், மூச்சு வாங்கலும்தான். அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்த அனுமதியில்தான் கஜானியின் வாழ்க்கை நிமிர்ந்து நின்றது.

ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை அந்த அனுமதி ஆடத் தொடங்கியது.

லா ஷப்பலில், மேம்பால மெட்ரோப் பாதைக்கு நேரெதிரே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அலுவலகம். சாவிக்கொத்து முதல் கோப்பி இயந்திரம் வரை கஜானியின் கையில். பணிப்பாளர் மார்செல் அவளைக் கூப்பிட்டார். பாதிப்பேர் அறையிலும் பாதிப்பேர் வீட்டிலும் இருந்து நடத்தும் கூட்டங்கள் அவருக்குச் சலித்துவிட்டன. மூன்று கூட்ட அறைகளுக்கும் நல்ல காணொளிக் கருவியாகப் பார்த்துத் தெரிவு செய்யச் சொன்னார். விற்பனையாளர் இரண்டு விதத்தைப் பரீட்சைக்குத் தந்திருந்தார்.

"வியாழக்கிழமைக்குள் ஒன்று ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், கஜானி. இல்லையென்றால் செப்டெம்பரிலிருந்து எல்லாரும் ஐந்து நாளும் இங்கேதான். உன்னையும் சேர்த்து."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு விலை கூடிய கருவியை வைத்தாள். தொலைக்காட்சித் திரைக்குக் கீழே நீளமான ஒரு பெட்டி. பேசுகிறவரின் முகத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கும், வெளிச் சத்தங்களைத் தானாக வெட்டி எறியும். அவள் ஸ்தேனில், வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். ஓர்லெயோனில் தன் வீட்டிலிருந்து வனேசா இணைந்தாள். தொழில்நுட்பர்களின் வேலை அட்டவணை அவள் பொறுப்பு.

ஆரம்பம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. மார்செல் பேசினார். நடுவசனத்தில் நின்றார். மௌனம். முடித்துவிட்டார் என்று வனேசா வாய் திறந்தாள். மார்செல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டு குரலும் மோதின. இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த மன்னிப்புகளும் மோதின. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே கதை. "கேட்கிறதா?" என்று கஜானி நாலு தரம் கேட்டாள். ஐந்தாம் தரம் மார்செல் குறிப்பேட்டை மூடினார்.

"இது கூட்டமில்லை, சந்தை. வியாழக்கிழமை பார்ப்போம்."

அன்று மாமியை ஏற்றும்போது கஜானி படி எண்ணவில்லை. செப்டெம்பருக்கு எத்தனை கிழமை என்று எண்ணினாள்.

புதன்கிழமை காலை தவரத்தினத்தைப் பிடித்தாள். பிலிப்-து-ஜிரார் வீதியில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். சனி ஞாயிறுகளில் கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் உலகம் முழுக்க நேரலையாக அனுப்புகிறவர். அலுவலக வயர் வேலைகளும் அவர்தான். கேபிளை மாற்றினார், இணைய வேகத்தைப் பார்த்தார், பெட்டியைக் கழற்றிப் பூட்டினார். எல்லாம் சரி.

"அண்ணை, நீங்கள் இஞ்சை அறையிலை இருங்கோ. நான் உங்கடை கடையிலை இருந்து கதைச்சுப் பாக்கிறன்."

ஐந்து நிமிட நடை. கடைக்குள், தொங்கும் கைப்பேசி உறைகளுக்கு நடுவே கணினியைத் திறந்தாள். திரையில் தவரத்தினம் மார்செலின் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"என்ன பிள்ளை, கேக்குதோ?"

"வடிவாக் கேக்குது."

"கேக்கும்தானே. போன கிழமை ஒரு செத்தவீடு விட்டனான். பின்வரிசையிலை ஆர் மூக்குச் சிந்தினது எண்டது கூட ரொறொன்ரோவிலை கேட்டிருக்கு. உம்மடை துரைமாருக்கு..."

மௌனம். படம் உறையவில்லை. அவர் கண் சிமிட்டினார். வாய் மட்டும் மூடியிருந்தது.

"அண்ணை? நிக்கிறீங்களோ?"

"...இது காணாதோ? என்ன பிள்ளை, நான் கதைக்கேக்கை குறுக்கை விழுறீர்?"

"நீங்கள்தானே நிப்பாட்டினீங்கள்!"

"நான் எங்கை நிப்பாட்டினனான்? ஒரு மூச்சிலை சொல்லிக்கொண்டு வாறன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அண்ணை, ஒண்டிலை இருந்து நூறு மட்டும் எண்ணுங்கோ."

"உதென்ன, பாலர் வகுப்போ?"

"எண்ணுங்கோவன்."

எண்ணினார். இருபத்துமூன்றில் நின்றார். கஜானி மணிக்கூட்டைப் பார்த்தாள்: பத்து விநாடி. இருபத்துநாலு. எழுபதைத் தாண்டி மறுபடி நின்றார்.

"இப்ப யன்னலுக்கு வெளியாலை என்ன போனது?"

"ஒண்டும் போகேல்லை." யோசித்தார். "மெட்ரோ போனது."

"எனக்கு அது கேக்கேல்லை."

"கேளாதுதானே பிள்ளை. அதுக்குத்தானே இந்தப் பெட்டி. சத்தத்தை அப்பிடியே விழுங்கிப்போடும். அதுதான் இதின்ரை கெட்டித்தனம்."

கஜானி ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குத் திரும்பினாள். வெயிலுக்கு யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வரவேற்பு மேசைப் பெண் தொலைபேசியில் பேச்சை நிறுத்தினாள், மெட்ரோ போனது, தொடர்ந்தாள். மார்செல் பகிடி ஒன்றை நடுவில் விட்டுக் கோப்பியை உறிஞ்சினார், கேட்டுக்கொண்டிருந்த மூவரும் காத்திருந்தார்கள், மெட்ரோ போனது, பகிடி முடிந்தது, சிரித்தார்கள். ஒருவருக்கும் தெரியாது. இதைத் தவரத்தினத்திடம் சொல்ல வாய் எடுத்தவள், அடுத்த மெட்ரோ வந்ததும் தானும் வாயை மூடிக்கொண்டாள். பதினொரு வருடம்.

அறையில் இருப்பவர்கள் மெட்ரோவுக்கு வழி விட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மெட்ரோவே இல்லை, வெறும் மௌனம்தான்.

அவள் மற்றக் கருவியை எடுத்தாள். மேசை நடுவில் வைக்கும் வட்ட ஒலிவாங்கியும் சாதாரண கமராவும். விற்பனையாளரே "பழைய மாதிரி" என்று தள்ளி வைத்தது. மென்பொருளில், சத்தம் நீக்கும் கட்டத்தில் இருந்த சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டாள்.

"சத்தம் வாற சாமானை விரும்பி எடுக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் தவரத்தினம். "துரைக்குச் சொல்லீட்டீரோ?"

"சொன்னால் விடமாட்டார்."

"வேலை போனால் கடைக்கு வாரும். உறை தொங்கவிட ஆள் வேணும்."

வியாழன் பதினொரு மணி. ஸ்தேனில் கஜானி; குசினி மேசை; தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடம் இரும்புச் சக்கரங்களின் இரைச்சல் காதில் விழுந்தது. வனேசா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது?"

"மெட்ரோ," என்றாள் கஜானி. "பத்து விநாடி பொறு."

மார்செலின் புருவம் உயர்ந்ததைத் திரையில் கண்டாள். அடுத்த மெட்ரோவுக்கு வனேசா பொறுத்தாள். மூன்றாவதற்கு, சத்தம் கேட்டதுமே கையை உயர்த்தி, போக்குவரத்துப் பொலிஸ்போல எல்லாரையும் நிறுத்தினாள். அறையில் சிரிப்பு. அதன்பின் ஒருவர் பேச்சில் மற்றவர் விழவில்லை. ஆனால் கூட்டம் நீண்டது. வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றிய முடிவைக் கடைசியில் சொல்வதாக மார்செல் அறிவித்திருந்தார். பன்னிரண்டு தாண்டியது. பன்னிரண்டு பத்து. வாசல் மணி அடித்தது.

கூட்டத்தைக் கைப்பேசிக்கு மாற்றிச் சட்டைப்பையில் போட்டு, ஒரு காதில் இயர்போனைச் செருகி, கஜானி கீழே ஓடினாள்.

பதினெட்டு. முதல் திருப்பம், ஒரு மந்திரம். முப்பத்தாறு. மாமியின் பாரம் தோளில். காதில் மார்செலின் குரல்: "சரி, வீட்டிலிருந்து வேலை செய்யும் விஷயம். நான் நினைப்பது..."

இரைச்சல். நாற்பத்தோராம் படியில் கஜானி நின்றாள்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்?" என்றார் மாமி.

"மெட்ரோ போகுது மாமி."

"இஞ்சை எங்கையடி மெட்ரோ?"

ஏழு, எட்டு, ஒன்பது. குரல் திரும்பியது.

"...டிசெம்பர் வரை இப்படியே போகட்டும். இன்றைக்கு நாங்கள் உண்மையாகவே பேசினோம். வீதிப் பக்க அறைகள் இரண்டுக்கும் இதையே வாங்குவோம். இந்த இரைச்சல் கருவியைத் தெரிவு செய்தது யார்?"

"நான்தான்," என்றாள் கஜானி, மூச்சு இரைக்க.

"எங்கே நிற்கிறாய்? மலை ஏறுகிறாயா?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னாள். முப்பத்தொரு படி மிச்சம் இருந்தது.

முற்றப் பக்கத்து மூன்றாவது அறைக்கு மெட்ரோச் சத்தம் எட்டாது. அதற்கு எது பொருத்தம் என்பது இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தவரத்தினம் கருவிகளைப் பொருத்த ஏணியோடு அலுவலகத்துக்கு வருகிறார். செவ்வாய்க்கிழமை கஜானி வீட்டில்.