ஆலாக் குஞ்சை ஏரியில் விடப் பார்த்த பேரறிஞர்

இரண்டு நாளாக அடித்த புயல் காற்று, பறக்கத் தெம்பில்லாத ஒரு கடற்பறவைக் குஞ்சை மலை மேல் இருக்கும் வாசலூர்பட்டி ஏரிப் படகுத் துறையில் கொண்டுவந்து போட்டிருந்தது.

சுற்றுலா வந்த கேமராப் பேரறிஞர் ஒருவர் குனிந்து பார்த்தார். "கடற்காகக் குஞ்சு! தண்ணியில விட்டா நீந்திக்கும்" என்று மூவுலகமும் நடுங்கத் தீர்ப்புச் சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு ஏரியை நோக்கி நடந்தார்.

ராமேஸ்வரத்தில் பத்து வருடம் உத்தியோகம் பார்த்த கடற்பறவைச் சக்கரவர்த்தி நான் சும்மா இருப்பேனா? குறுக்கே பாய்ந்தேன்.

"ஏனுங்க, கடற்காகத்துக்கு அலகு தடியா, நுனி வளைஞ்சிருக்கும். இதுக்கு ஊசியாட்டம் இருக்குது. வாலு பிளந்திருக்குது, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. இது ஆலாங்க. இறகு நனைஞ்சா முழுகிப் போயிரும்!"

"மலை மேல ஆலா எப்படிங்க வரும்?"

"உங்க கடற்காகம் மட்டும் எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல ஏறி வந்துச்சுங்களா?"

படகுச் சீட்டு கொடுக்கும் அக்கா சிரித்த சிரிப்பில் மலையடிவாரப் புளியஞ்சோலைக் குரங்குகள்கூட மரத்திலிருந்து விழுந்திருக்கும்.

ஆலா இப்போது அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக, வனத்துறை ஜீப்புக்குக் காத்திருக்கிறது.

பேரறிஞரை அடையாளம் காண்பது சுலபம்: முழ நீளக் கேமரா, மூடாத வாய். உங்கள் பக்கம் தென்பட்டால் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

தண்ணீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த இனத்துக்கும் நீந்தத் தெரியாது.