பூஜைக்கு வைத்த பில் கம்ப்யூட்டர்

கை வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே விரலைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மொத்தக் கடையில் பில் போடுகிறவளுக்குக் கூட்டமில்லாத நேரம் ஓய்வு என்று யாராவது நினைத்தால், அவர்கள் கடையில் வேலை பார்த்ததில்லை. என்னைப் போலப் பில் மேஜையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இட்லி

தமிழில் எட்டு வரைதான் படித்தேன். மலையாளத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் இந்தக் கடைக்குக் காம்பு கிள்ளத்தான் வந்தேன். முதலாளியின் அக்கா மகன் குமார், பெங்களூருக்கு வேலைக்குப் போகும் முன் ஒரு பில் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தான். சரக்குப் பெயர் முழுக்கத் தமிழ். அதனால்தான் என்னை முன்னால் உட்கார வைத்தார்கள்.

புதுச் சரக்கு வந்தால் அவன் எழுதிய கோடில், அதாவது ப்ரோகிராம் வரிகளில், பெயரைச் சேர்த்து, அவன் சொல்லித்தந்த ஒரு வரியைத் தட்டுவேன். அதுதான் கம்பைல். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்குக் குமார் சொன்னான்: "கரைச்ச மாவு இட்லி ஆகுற மாதிரி அக்கா. வேகாம பரிமாற முடியாது."

அஷ்டமி அன்று

இங்கே துர்காஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் வேலைச் சாமானையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. எங்கள் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் உண்டு. அன்று மத்தியானம் மெக்கானிக் வந்து, பூஜைக்கு முன் புதிதாக்கலாம் என்று உள்ளே இருந்த சிஸ்டத்தையே மாற்றினார். முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது.

"பில் வருதான்னு பார்த்துட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் முதலாளி மணியடித்து தீபம் காட்டிவிட்டார். இனி தொட முடியாது. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டார்: "பயப்படாதே சேச்சி, இனி தேவி பார்த்துக்கும்."

சிவப்பு வரிகள்

தேவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விஜயதசமி முதல் பில் மங்களமாக மஞ்சளுக்குத்தான், அது கடை வழக்கம். அது வராமல் வேறு யாருக்கும் சரக்கு இறங்காது. ப்ரோகிராம் திறக்கவில்லை. மறுபடி கம்பைல் செய்தேன். திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாய் இங்கிலீஷ்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பழையதைக் களையச் சொன்னார். அவரிடம் இங்கிலீஷில் புது ப்ரோகிராம் இருக்கிறதாம், அது தெரிந்த பெண்ணும் இருக்கிறாளாம். முதலாளி காத்திருந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "செல்வி, நீ உள்ளே போய் மிளகாயைக் கவனி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே."

எழுந்திருக்கவில்லை

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அன்றைக்கும் வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். முதலாளி மறுபடி கூப்பிட்டார். மேஜைக் காலைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, குமாருக்கு வீடியோ கால் போட்டு போனைத் திரைக்கு நேரே காட்டினேன்.

அவன் எழுதிய காலத்தில் பழைய சிஸ்டம் பரவாயில்லை என்று விட்டதையெல்லாம் புது சிஸ்டம் தப்பு என்கிறதாம். நான் தட்டும் கம்பைல் வரியின் கடைசியில், பழைய முறைப்படியே படி என்று அதற்குச் சொல்லவேண்டுமாம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஒன்றைத் தப்பாகத் தட்டினேன், மறுபடி சிவப்பு. மெக்கானிக் சிரித்தார். நான் தலை நிமிராமல் திரும்பத் தட்டினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. போனைத் திரைக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். போனில் குமார், "சிவப்பு இல்லன்னா வெந்தாச்சு அக்கா" என்றான்.

பிரிண்டர் கரகரத்து, மஞ்சள் என்று தமிழில் அடித்தது. வித்துராவிலிருந்து சரக்கெடுக்க வந்தவர் கழுத்தை நீட்டினார்: "வெந்தாச்சுன்னா எனக்கும் ஒண்ணு போடும்மா, பஸ் போயிடும்."

மூலையில் ஒரு பொட்டு

இப்போதும் திரை மூலையில், சிஸ்டத்தைப் புதிதாக்கட்டுமா என்று ஒன்று எட்டிப்பார்க்கிறது. அதன்மேல் என் நெற்றிப் பொட்டை ஒட்டிவைத்திருக்கிறேன். போன வாரம் மெக்கானிக் அதை உரிக்க வந்தார். "புதுசை வேற மெஷின்ல போட்டு, அதுல குமாரோட கோடை வேகவச்சுக் காட்டுங்க. அப்புறம் இதைத் தொடலாம்" என்றேன், மிளகாயைப் பார்த்துக்கொண்டே. அவர் முதலாளியிடம் போய் முறையிட்டார். முதலாளி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: "என்னை எதுக்குடே கேக்க? அவகிட்டக் கேளு."

ஆக, புதுசு எதற்கும் நான் எதிரி இல்லை. ஆனால் என்னை எழுப்பிவிட்டுத்தான் அது உட்காரும் என்றால், அதற்கு நான்... இதோ, "செல்வி, பில்லு" என்று முதலாளி கூப்பிடுகிறார், கையைத் துடைத்துவிட்டுப் பில் போடப் போகிறேன்.