கலங்கரைக் கன்னியின் அம்மா

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்றால் இன்றைக்கும் எனக்கு வேலை ஓடாது. பதுளையில் அலுவலகத்தில் ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாலும் கை தானாகப் போனைத் தேடிப் போகும். பதினொரு வருடம் ஆகிவிட்டது, அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. எங்கள் குடும்பம் வேலை செய்த தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த மதினியின் அழைப்புக்காக, அண்ணன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாராவாரம் அந்தப் பாறையில்தான் நின்றேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது மதினியின் துணிப்பெட்டியோடு ஒரு சாக்கு நிறையப் பழைய காமிக்ஸ் புத்தகங்களும் வந்து இறங்கின. அவருடைய அப்பா பதுளை டவுனில் பழைய பேப்பர் கடையில் வேலை செய்தவர். பை ஒட்டப் போக வேண்டிய புத்தகங்களை மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அதில் மதினிக்கு உயிர், கலங்கரைக் கன்னி. கடலோர விளக்குக் கூண்டில் பிறந்து, கண்ணிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, கப்பல் கவிழ்க்க வருகிறவர்களைப் பந்தாடுகிற பெண். கதையைவிடக் கடைசிப் பக்கத்துக் கேள்வி பதில்தான் மதினிக்கு மனப்பாடம். கன்னி முதலில் வேறொரு வீரனுக்குத் துணையாக ஒரே ஒரு கதையில் தலைகாட்டிவிட்டுப் போக வேண்டியவளாம். வாசகர்கள் கடிதம் எழுதித் தள்ளியதால் தனிப் புத்தகம் கிடைத்ததாம். அவள் எப்போதும் கையுறை போட்டிருந்ததற்குக் காரணம், படம் வரைந்தவருக்கு விரல் வரைய வராது. டிவி தொடரில் அவள் முதுகுத் துணி காணாமல் போனதற்குக் காரணம், பறக்க வைக்கிற கம்பியில் அது சிக்கிக்கொண்டே இருந்தது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அட்டை கடித்த காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டே மதினி இதையெல்லாம் சொல்லுவார். "பொம்பளைதானே, ஒரு கதையோட அனுப்பிரலாம்னு நெனச்சிருக்காங்க பாரு" என்பார், ஏதோ சொந்தக்காரப் பெண்ணுக்கு நடந்த அநியாயம் மாதிரி.

தீராத கோபம் ஒன்றும் இருந்தது. புத்தகத்தில் கன்னிக்கு அம்மா உண்டு. விளக்கேற்றி வைத்துக் காத்திருந்து, மகள் எந்நேரம் வந்தாலும் சோறு போடுகிற அம்மா. டிவியிலோ முதல் வாரமே அம்மா செத்துப்போகிறாள். அம்மாவாக நடிக்க வந்தவர் பாதியில் போய்விட்டாராம், அதனால் கதையில் கொன்றுவிட்டார்கள். "வேற ஆளப் போட்டிருக்கலாம்ல? அம்மாவக் கொன்னாத்தான் மகளுக்கு வீரம் வருமா?" என்று மதினி பொருமுவார். சனிக்கிழமைகளில் தொடரைப் பார்ப்பதையும் விடமாட்டார், திட்டுவதையும் விடமாட்டார்.

அண்ணனுக்கு முதுகு விட்டுப்போய் வேலைக்குப் போக முடியாமல் ஆன வருடம் மதினி வெளிநாடு போக முடிவெடுத்தார். அவர்கள் மகள் குட்டிக்கு நாலு வயது. போய்த் திரும்பிய பெண்கள் வந்து சொன்ன கதைகள் எங்கள் இரண்டு பேரின் தூக்கத்தையும் கெடுத்தன. வேலை வாங்குகிற வீட்டுக்காரி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவாளாம். தமிழ் தெரிந்த டிரைவர் பக்கத்திலேயே நிற்பானாம். வீட்டைப் பற்றி ஒரு குறை சொன்னால் அதோடு போனும் இல்லையாம். அப்படியானால் அங்கே ஒன்று நடந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? புறப்பட மூன்று நாள் இருக்கும்போது நான்தான் வழி கண்டுபிடித்தேன்.

"மதினி, குட்டிக்கு எப்படியும் கதை சொல்லுவீங்கல்ல? நல்லா இருந்தா புத்தகத்துக் கதையச் சொல்லுங்க. கஷ்டமா இருந்தா டிவி கதையச் சொல்லுங்க. கன்னியோட அம்மா செத்துப்போச்சுன்னு நீங்க சொன்னா நான் புரிஞ்சுக்கிடுறேன். அண்ணன ஏஜென்ட்டுக்கிட்ட அனுப்பி ஒங்களக் கூட்டிட்டு வர்ற வழியப் பாக்குறேன்."

"அடி கள்ளி, ஒனக்கு எங்க இருந்துதான் இந்த மூளை வந்துச்சோ" என்று மதினி சிரித்தார். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். அவர் வாய் சும்மா இருக்காது, போனிலேயே உளறிவிடுவார். எனக்கோ பெரிய உளவுக்காரி என்று நினைப்பு.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. குட்டியின் காதில் போனை வைத்து, நானும் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கேட்பேன். கன்னி பறப்பாள், சண்டை போடுவாள், கடைசியில் அம்மாவிடம் வந்து சேருவாள். நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. மூடுபனியில் நனைந்துகொண்டு, பாறையில் ஆறு மணி வரைக்கும் நின்றேன். சோறு இறங்கவில்லை. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடியது. மூன்றாவது வெள்ளி போன் அடித்தபோது நான் எடுப்பதற்குள் குட்டி பிடுங்கிக்கொண்டாள்.

"கன்னி பறந்து வந்தாளா, அங்க அவங்கம்மா வெளக்க ஏத்தி வச்சிக்கிட்டு நின்னாங்களாம்" என்றார் மதினி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா இருக்கிறாள். அப்படியென்றால் ஒன்றும் இல்லை.

"அத்தே, அம்மா அழுவுது" என்றாள் குட்டி, இறங்கி வரும்போது.

"அழுவல. சளி புடிச்சிருக்கு. பேசாம வா."

அண்ணனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பதுளைக்குப் போயி அந்த ஏஜென்ட்ட என்னா ஏதுன்னு கேட்டுட்டு வந்துரட்டா?" என்று கேட்டார். அம்மா அழுததாகக் குட்டி சொல்கிறாளே என்றார். நான் தடுத்தேன். "எதுக்குண்ணே? நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத் தெரியும்." படிக்கிற தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அவரைத் தடுத்த இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாமலா இருந்தது? கதை வாராவாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. கன்னி இப்போது யாரோடும் சண்டை போடுவதில்லை, பறப்பதுகூட இல்லை. அம்மாவும் விளக்கும் சோறும் மட்டும் மிஞ்சின. "சாப்பிட்டீங்களா மதினி" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "சாப்புட்டேன் சாப்புட்டேன்" என்று அவசரமாகப் பதில் வந்தது. ஆனாலும் நான் போட்ட ஏற்பாட்டையே பிடித்துத் தொங்கினேன். அம்மா சாகவில்லை, ஆகவே மதினி சுகம். இப்படிச் சொல்லிச் சொல்லியே நாலு மாதம் ஓட்டினேன்.

எட்டாவது மாதம் மொனராகலைப் பக்கத்துப் பெண் ஒருவர் பஸ் பிடித்து, விலாசம் விசாரித்து எங்கள் லயத்துக்கு வந்தார். மதினி இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்: "ஒங்க வீட்டுப் புள்ளைக்கு ஒரு வேளச் சோறுதாங்க. கையில சூடு வச்சிருக்காங்க. மொட்டை மாடியில துணி காயப்போடுறப்ப என்கிட்ட காட்டுச்சு. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?" அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் முதுகுவலியோடு பதுளைக்கும் கொழும்புக்கும் அலைந்தார். மதினியைக் கூட்டி வர மேலும் மூன்று மாதம் பிடித்தது. வந்தவர் பாதி ஆளாக இருந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தழும்பு. குட்டி முதலில் கிட்டப் போகவே பயந்தாள். ஏன் டிவி கதையைச் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறந்துபோனாரோ, டிரைவர் கண்டுபிடித்துவிட்டானோ, நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்தாரோ? இத்தனை வருடமும் ஒவ்வொரு காரணமாக நினைத்து நினைத்து மாய்ந்தேன்.

போன மாதம் மதினி என்னைப் பார்க்கப் பதுளைக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். தழும்பு விழுந்த கையாலேயே போஞ்சியை அரிந்துகொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டேன்.

மதினி கத்தியைக் கீழே வைத்தார். "சொல்லணும்னுதான் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் போன எடுப்பேன் பாப்பா. மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேதான் எடுப்பேன். அந்தப் பக்கம் குட்டி, 'கன்னி வீட்டுக்குப் போனாளாம்மா, அவங்கம்மா இருந்தாங்களாம்மா'ன்னு கேக்கும். நான் இங்க கெடக்குறேன். அது அங்க நிக்குது. அதுக்கிட்ட அம்மா செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

வீட்டுக்காரியை நினைத்தேன், டிரைவரை நினைத்தேன், அண்ணனின் வாயைக்கூட நினைத்து எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்கப் போவது நாலு வயதுப் பிள்ளையின் காது என்பதை மட்டும் நினைக்கவே இல்லை.