வெளிறிப்போன நீலக் கோட்டு

மகள் பிறந்து நான்கு மாதம் முடிவதற்குள் நான் மீண்டும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில் கைக்குழந்தையோடு வீட்டு வேலைக்கு வரலாம் என்று சொன்ன வீடு ஒன்றுதான். ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். காலையில் முன்னறையில் பியானோ பாடம் நடக்கும்.

"சிஞ்ஞோரா, இங்கே வருகிறவர்களில் உங்கள் மகள்தான் நேர்மையானவள். வாசிப்பு பிடிக்காவிட்டால் உடனே அழுதுவிடுகிறாள்" என்று சிரிப்பார்.

பின்னறைச் சுவரெல்லாம் படங்கள். பழைய காலத்து ஜேர்மன் இசையமைப்பாளர் ஒருவர் தன் வீடு நிறைய இசைக்கலைஞர்களின் உருவப்படங்களைச் சேர்த்து வைத்திருந்தாராம். வருகிறவர்கள் அந்த முகங்களின் நடுவில் இருந்துதான் அவர் வாசிப்பதைக் கேட்பார்களாம். அவர் இறந்த பிறகு படங்கள் சிதறிப்போயின. பட்டியல் மட்டும் மிஞ்சியது. அந்தப் பட்டியலில் உள்ள முகங்களைப் பேராசிரியர் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிக்கொண்டிருந்தார். அநேகமாக எல்லாம் கறுப்பு மை அச்சுகள். ஒன்று மட்டும் கையால் வண்ணம் தீட்டியது. அதில் நீலக் கோட்டு அணிந்த ஜேர்மன் தேவாலய ஆர்கன் கலைஞர் ஒருவர் இருந்தார்.

எனக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. பின்னறை யன்னலைத் திறக்கக் கூடாது.

ஆனால் பிள்ளையைப் படுக்கவைக்க எனக்கு அந்த அறைதான் இருந்தது. அதன் கதவு தடிப்பானது. அழுகை பாடத்தைக் குழப்பாது. இருட்டில் அவள் வீரிட்டு அழுதாள். யன்னலின் மரத் தட்டியை ஒரு கை அகலம் திறந்தேன். அழுகை நின்றது. ஒரு மணித்தியாலம்தானே என்று நினைத்தேன். பாடம் முடிவதற்குள் மூடிவிடுவேன். அப்படியே இரண்டு கோடைகள் போயின. நான் ஊரில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். வெயிலில் சாயம் வெளுக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஒருநாள் பேராசிரியர் விளக்கைப் போட்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "என் கண் போகிறது. இந்தக் கோட்டு எனக்குச் சாம்பலாகத் தெரிகிறது" என்றார்.

அவர் போன பிறகு படத்தை இறக்கிப் பார்த்தேன். கோட்டு சாம்பலாகத்தான் இருந்தது. சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த ஒரு கீற்று மட்டும் நல்ல நீலம்.

சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, நாளைக்குச் சொல்லப்போறன்."

"சொல்லிப்போட்டு? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போகப்போறீர்?"

"அந்த மனுசன் தன்ர கண்ணெல்லோ பழுதெண்டு நினைக்குது."

"எந்தக் காலத்திலயோ செத்த ஜேர்மன்காரன்ர கோட்டுக்கு இஞ்சை நீர் துக்கம் கொண்டாடுறீர். பேசாமல் இரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலைக் கடிதம் இல்லாட்டி பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கேலாது. பிறகு இந்த நாட்டில இருக்க விடமாட்டாங்கள். தெரியுந்தானே?" என்றார்.

தெரியும். ஆனாலும் சொல்வதற்கான வசனங்களை இத்தாலியனில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பேராசிரியர் முந்திக்கொண்டார். பின்னறைக்குள் என்னைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டினார்.

"உங்களுடையது இளங்கண். உண்மையைச் சொல்லுங்கள். இது என்ன நிறம்?"

மகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீலம், புரொபெஸோரே."

"நல்ல நீலமா?"

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு, இத்தாலியனில் "சி" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் அழுதாவது சொல்லியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படியும் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அன்று அவர் ஒரு கடிதம் எழுதினார். பட்டியலில் இருந்த இன்னொரு வண்ணப் படம் ஜேர்மனியில் ஒரு வியாபாரியிடம் கிடைத்திருந்தது. அதற்காக அவர் பல வருடம் காத்திருந்தவர். வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள், நிறம் தெரியாதவன் சேர்ப்பதில் அர்த்தமில்லை என்று எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். பிறகு உறையை ஒட்டி, போகும் வழியில் போட்டுவிடச் சொன்னார்.

தபால் பெட்டி முன்னால் நின்றேன். போடாமல் விட்டால் அது இன்னொரு பொய். திரும்பிப் போய்ச் சொன்னால், நாளைக்குப் பிள்ளையை எங்கே வைப்பேன்? பஸ் வரும் நேரமாகிவிட்டது. மகள் கடிதத்தைத் தானே போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளைத் தூக்கினேன். பெட்டியில் இரண்டு வாய்கள் இருந்தன, ஒன்று நகரத்துக்கு, மற்றது வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும். அவள் கை நகரத்து வாய்க்குப் போனது. நான்தான் அதைப் பிடித்து மற்றதற்கு நகர்த்தினேன்.