வெளிச்சம் ஆகாத கல்

பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மாஸ்டர் பேச ஆரம்பிப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் இப்படித்தான். முதலில் இன்ஜினை ஓடவிட்டு, அப்புறம்தான் பிரேக் எது, கிளட்ச் எது என்று விளக்குவார். "கண்ணால பார்த்துக்கிட்டே கேட்டாத்தான் மண்டையில ஏறும்" என்பது அவர் கட்சி. அவரிடம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏறாது. இன்ஜின் ஓடும்போது பயம் மட்டும்தான் ஏறும்.

பெட்டிக்குள் பட்டாணி அளவில் ஒரு கல். பெயர் ஹேக்மனைட். திறந்த கணத்தில் நல்ல கத்தரிப்பூ நிறம். வெளிச்சம் பட்டதும் வெளுக்கத் தொடங்கும். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது மோதிரத்துக்கு ஆகாது சார், சாவி உரசினாலே கீறல் விழுந்துடும். இதை வாங்குறவன் போட்டுக்க வாங்க மாட்டான், வச்சுப் பார்க்கத்தான் வாங்குவான்" என்று முடிப்பதற்குள் கல் வெளிர் ரோஜாவாகிவிடும். கல்லுக்குள் கந்தகம் இருக்கும் கதைக்கு அவர் வரும்போது பச்சைத் தண்ணீர் மாதிரி நிற்கும். மூடி நாலைந்து நாள் இருட்டில் வைத்தால் நிறம் தானாகத் திரும்பும். "வெயில்ல நின்னா மனுஷன் கறுக்குறான், இது வெளுக்குது. இதுக்கு மேல ஒரு கல்லுகிட்ட என்ன சார் எதிர்பார்க்குறீங்க?" என்பார். நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

கல் சேகரிக்கும் நண்பர் ஒருவர் புற ஊதா டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அடித்தால் நிறம் சீக்கிரம் வந்துவிடுமாம். மாஸ்டர் அதை அலமாரி மேல் போட்டுவிட்டார். "அடிச்சு வர வைக்கிற நிறம் எனக்கு வேண்டாம். தானா வரட்டும்." இந்தப் பொறுமையில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் எனக்கு இன்று ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்கும்.

அறுபதை நெருங்கும் மனிதர். தொழில் உடம்பில் ஊறிவிட்டது. யாராவது வேகமாக அறைக்குள் வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். மாடிப்படி ஏறி வருகிறவர்களை "ஹாஃப் கிளட்ச்ல வாங்க, ஹாஃப் கிளட்ச்ல வாங்க" என்று வரவேற்பார். புது சோபா வாங்க வைத்திருந்த பணத்தில்தான் கல் வந்தது. பழைய சோபாவில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர் கைகொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. வருகிறவர் போகிறவர் எல்லாம் வாயைப் பிளக்கும் அந்தக் கல்லை அவர் மனைவி மட்டும் கண்ணாடி என்கிறார். அந்த அம்மாள் வீட்டிலேயே துணிகளுக்கு ஆல்டரேஷன் செய்கிறார். பேன்ட்டைப் பிடிக்கக் கொடுக்க வருகிறவர்களிடமும், "சோபா வாங்கப் போயி கண்ணாடியோட வந்தாரு" என்று சொல்லிவிடுகிறார். போன வாரம் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஒருத்தர் வர்றாரு. அவர்கிட்ட குடுத்துடப் போறேன். சொந்த வீட்டுலயே நம்பலைன்னா அது இங்க எதுக்கு சார்?"

இதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து தையல் மிஷின் ஓய்ந்தது. தோளில் இஞ்ச் டேப்புடன் அந்த அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். அதற்குள் கந்தகக் கதை முடிந்து, திறந்திருந்த பெட்டிக்குள் கல் வெளுத்துப்போயிருந்தது. "நல்லாத் துடைச்சு வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது நான் அவரிடம், "அக்கா, அந்தக் கத்தரிப்பூ நிறம் கூடவா உங்களுக்குப் பிடிக்கல?" என்றேன்.

"எந்த நிறம் தம்பி?"

"பெட்டியைத் திறந்ததும் இருக்குமே."

"அவர் கூப்பிடுவாரு. தையலைப் பாதியில நிறுத்தினா துணி சுருங்கிடும். முடிச்சிட்டுப் போவேன். ஒரு நாளும் நான் நிறத்தைப் பார்த்ததில்ல. வர்றவங்க எல்லாம் மரியாதைக்கு ஆமாம் போடுறாங்கன்னு நினைச்சேன். நீங்களும் அப்படித்தானே?"

திரும்பிப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது.

"முதல் நாளே பார்த்திருப்பான்னுல்ல நினைச்சேன்!" என்றார். முதல் நாள் என்ன நடந்தது என்று அவரே யோசித்து யோசித்துச் சொன்னார். வீட்டுக்குள் வருமுன் படிக்கட்டில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்டியைத் திறந்திருக்கிறார். திறந்தால் பேசாமல் இருக்க முடியுமா? பேசி முடித்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

உடனே பெட்டியை மூடினார். அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றி, பீரோவுக்குள் வைத்து, பீரோவையும் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போனேன். கல்லை வாங்குகிறவர் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். மாஸ்டர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"நிறம் வந்திருக்கான்னு தெரியல சார். திறந்து பார்த்தா, பார்க்குறதுலயே கொஞ்சம் போயிடும். எப்படிப் பார்க்குறது?"

அந்த அம்மாள் ஜன்னலோரம் மிஷினில் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ஏங்க, இப்ப எழுந்திருக்க முடியாது."

"தை."

அவ்வளவுதான் சொன்னார். மூடிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மூடிய வாயோடு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஜிப்பின் ஒரு பக்கம் முடிந்தது. துணியைத் திருப்பி மறுபக்கத்தை ஆரம்பித்தார் அந்த அம்மாள். மாஸ்டர் அசையவில்லை. கடைசியில் மிஷின் நின்று, அந்த அம்மாள் நூலைக் கத்தரித்த பிறகு, மாஸ்டர் அவர் முகத்துக்கு நேராகப் பெட்டியை நீட்டித் திறந்தார்.

நிறம் வந்திருந்தது.

அந்த அம்மாள் கல்லைப் பார்த்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

"இதையா அந்த ஆளுக்குக் குடுக்கப் போறீங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையால் துழாவி, மிஷின் தலையில் எரிந்துகொண்டிருந்த சின்ன பல்பை அணைத்தார்.