சாய்ந்த தோளுக்கு ஒரு ஸ்வெட்டர்

தெருவே அவளைக் கம்பளியக்கா என்றுதான் கூப்பிடும். துணியை வெட்டித் தைப்பதெல்லாம் சோம்பேறிகள் வேலை என்பது அவள் கட்சி. இரண்டு ஊசியும் ஒரு நூலுருண்டையும் இருந்தால் போதும், பின்னப் பின்னத் துணி தானே உடம்புக்கு வளைந்துகொடுக்கும். இடுப்பு வந்தால் ஊசியிலுள்ள இரண்டு நூல்கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவாள். மார்பு வந்தால் ஒரு கண்ணியிலிருந்து இரண்டை எடுப்பாள். அவள் பின்னிய ஸ்வெட்டரில் பேங்க் மேனேஜரின் தொப்பையே காணாமல் போய்விட்டதாகச் சொல்வார்கள். சுத்தப் புளுகு. தொப்பை இருந்தது, ஸ்வெட்டர் அதன்மேல் ஏறிக்கொண்டு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு தலைவலி: தம்பி. போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன். பைக் விபத்தில் வலது தோள் இறங்கிப்போனதிலிருந்து வாசல் தாண்டவில்லை. எந்தச் சட்டையும் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியைப் பார்ப்பான், கழற்றி எறிவான், போய்ப் படுத்துக்கொள்வான். ஸ்டூடியோக்காரரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"திங்கட்கிழமை வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்மா. கோவிச்சுக்காதீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அவள் உடனே அளவு நாடாவோடு தம்பி எதிரே போய் நின்றாள். இறங்கிய தோள் பக்கம் வரிசையை முடிக்காமல் பாதியிலேயே ஊசியைத் திருப்பினால், அங்கே உயரம் குறையும். துணி தோளோடு சரிந்து உட்காரும், கீழ்விளிம்பு நேராக நிற்கும். சோறு தண்ணி மறந்து பின்னினாள். முன்பக்கம், பின்பக்கம், கைகள் எல்லாவற்றையும் இணைத்து, ஞாயிறு சாயங்காலம் அவனுக்கு மாட்டிவிட்டாள்.

ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! இறங்கிய தோளில் தொளதொளவென்று தொங்கியது. நல்ல தோளை இறுக்கிப் பிடித்தது. எதிரே நின்று அளவெடுத்த மகராசி, தன் இடக்கைப் பக்கத்தை அவனுடைய இடப்பக்கம் என்றே வைத்துப் பின்னித் தொலைத்திருந்தாள்.

"விடுக்கா. எனக்குன்னு எதுவும் அமையாது" என்று தம்பி அதை உருவிக் கட்டிலில் போட்டான். உள்பக்கம் வெளியே வந்து விழுந்தது.

அக்கா அதையே உற்றுப் பார்த்தாள். "டேய், அப்படியே எடுத்துப் போடு."

"உள்பக்கமாவா? தையலெல்லாம் வெளிய துருத்திட்டு இருக்கு. பைத்தியம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். போடுடா!"

போட்டான். இடது வலதாகிவிட்டது. தாழ்ந்த தோளில் துணி அச்சாக உட்கார்ந்தது. அவன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான்.

"நாளைக்கு மட்டும் இதோட சமாளி. வந்ததும் பிரிச்சு ஒழுங்காப் போட்டுத் தரேன்" என்றாள்.

மறுநாள் அவன் கிளம்பிப் போனதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாருக்கோ பின்னிய காலுறையில் கண்ணிகளாக நழுவவிட்டாள். மாலையில் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான்.

"பக்கத்து வீட்டு அண்ணன், பஸ் கண்டக்டர், ஸ்டூடியோக்காரர், போட்டோ எடுக்க வந்த பொண்ணு வரைக்கும் ஒரே பாட்டுதான்க்கா. 'ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருக்கீங்க!'"

அவள் முகம் விழுந்துவிட்டது. "தோளைப் பத்தி?"

"ஒருத்தர் கண்ணுலயும் படலை."

அவள் கையை நீட்டினாள். "சரி, கழட்டு. இப்பவே பிரிச்சுடறேன்."

தம்பி இரண்டு கைகளாலும் ஸ்வெட்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "தொட்டுப் பாரு, தெரியும்! நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும்."