சீட் பிடித்துக்கொண்டு போன பை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பேனாவைக் கையில் எடுத்தாலே எனக்குக் கொட்டாவி வரும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். ஆனால் என் நண்பன் இந்தக் கதையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்லும் கதையில் நான் மொபெட் ஓட்டத் தெரியாதவன். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பொறுக்க முடியாது.

நண்பன் என் தெருக்காரன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பை முடித்தவன், ஒரே ஒரு பேப்பர் தவிர. அந்தப் பேப்பரின் பெயர் டைனமிக்ஸ். ஓடுகிற பொருள், வளைகிற பொருள், தூக்கிப் போட்ட பொருள் எல்லாம் எங்கே, எவ்வளவு வேகத்தில் போகும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. ஏற்கெனவே எழுதி எழுதி ஊற்றிக்கொண்டிருந்தான். ஓசூரில் ஒரு கம்பெனி அவனைத் தேர்வு செய்து வைத்திருந்தது. இந்தத் தடவை அரியரை முடித்துக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். அவ்வளவுதான் பேச்சு. அவன் வீட்டில் தெருவுக்கே தெரிகிற மாதிரி பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வேறு வைத்துவிட்டார்கள்.

நான் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். ஆனால் எனக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்தது அது இல்லை, துண்டு. திருச்சி பஸ் எங்கள் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது நேராக வராது. மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, ஒரு அரைவட்டம் அடித்து வந்து நிற்கும். நின்ற பிறகு ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். பஸ் வளையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டில் விழவைக்க வேண்டும். விழுந்தால் அந்த சீட் உங்களுடையது. கலெக்டரே வந்தாலும் அதில் உட்கார மாட்டார். துண்டின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, கொஞ்சம் ஈரமாக்கி நான் வீசினால் மூன்று பேர் சீட்டில் விரித்த மாதிரி விழும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் பெஞ்சில் சிந்தியிருந்த டீயைத் தொட்டு ஒரு வளைவு போட்டான். அதன் ஓரத்தில் ஒரு அம்பு, உள்ளே ஒரு அம்பு.

"இதுதான் பஸ்ஸு. இந்த அம்பு டேன்ஜென்ட். வளைஞ்சு போற பொருளை அந்த நிமிஷம் விட்டா, இந்தப் பக்கமா நேரா ஓடும். உள்ள பாக்குற அம்பு நார்மல் ஆக்சிலரேஷன். அதுதான் அதை வளைச்சு இழுக்குது."

"நான் டிரைவரு இழுக்குறாருன்னுல்ல நெனச்சேன்."

"டேய், கேளுடா. நீ துண்டு வீசுறது காட்டுமிராண்டித்தனம். நீ நிக்கிற, பஸ்ஸு ஓடுது. ரிலேட்டிவ் வெலாசிட்டி ஜாஸ்தி. பஸ்ஸோட சேந்து அதே வேகத்துல ஓடுனா ரிலேட்டிவ் வெலாசிட்டி சைபர். ஒன்னையப் பொறுத்தவரைக்கும் பஸ்ஸு நிக்குது. துண்டை வீசவே வேணாம், மெதுவா எடுத்து வச்சுட்டு வரலாம்."

"பஸ்ஸு நிக்குதுன்னா அப்ப எது ஓடுது?"

"பஸ் ஸ்டாண்டு ஓடுது."

நான் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, கடைய இறுக்கிப் புடிச்சுக்கங்க. ஓடுதாம்."

கடைக்காரர் சிரித்ததில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பரீட்சை அன்றைக்குத் தானே சீட் பிடித்துக் காட்டுவதாகச் சொன்னான். அவனுக்கு சீட் அவசியமும்கூட. கடைசிப் பாடம், அதாவது இந்த வளைகிற கணக்கும் ரிலேட்டிவ் வெலாசிட்டி என்கிற சார்பு வேகக் கணக்கும் வருகிற பாடம், அவன் படிக்கவே இல்லை. கீரனூரிலிருந்து திருச்சி போவதற்குள் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று திட்டம். டீக்கடையில் எனக்குச் சொன்னது எல்லாம் முதல் இரண்டு பக்கம்தானாம்.

பரீட்சை நாள் காலையில் மொபெட்டில் அவனைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டேன். பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டான். ஹால் டிக்கெட், கால்குலேட்டர், பேனா எல்லாம் பைக்குள். கையில் புத்தகம் மட்டும். நான் துண்டை நீட்டினேன்.

"சும்மா இரு மாப்ள. இன்னைக்கு சயின்ஸு."

ஒரு பஸ் ரோட்டிலிருந்து திரும்பி வளைய ஆரம்பித்தது. அவன் பையோடு அதன் பக்கத்தில் ஓடினான். ஆரம்பத்தில் கொஞ்சம் பின்தங்கி, பிறகு வேகம் கூட்டி, சரியாக ஒரு ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டான். உண்மையைச் சொல்லவேண்டும், அழகாக இருந்தது. ஜன்னலும் அவனும் கைகோத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. பையை உள்ளே நீட்டி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல சீட்டில் வைத்தான்.

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினை. பஸ் வளைந்துகொண்டே போனது. அவன் டேன்ஜென்ட் பக்கமாக நேராக ஓடினான். நேரே வெள்ளரிப்பிஞ்சு வண்டி நின்றது.

வெள்ளரிப்பிஞ்சு எல்லாப் பக்கமும் தெறித்தது. வண்டிக்கார அக்கா கத்தினார்: "கண்ணு எங்கய்யா இருக்கு ஒனக்கு? பொறத்தாலயா?" நானும் அவனும் உருண்ட பிஞ்சையெல்லாம் பொறுக்கி வண்டியில் வைத்தோம். நான் சிரித்த சிரிப்பில் பொறுக்கியதையே திரும்பக் கீழே போட்டேன். அதற்குள் விசில் கேட்டது. பஸ் கிளம்பி, பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே போய், மெயின் ரோட்டில் திருச்சிப் பக்கம் திரும்பாமல் மறுபக்கம் திரும்பியது.

"ஏன்டா அங்கிட்டுப் போவுது?" என்றான்.

அது புதுக்கோட்டை பஸ். உள்ளே வளையும்போது திருச்சி பஸ்ஸும் புதுக்கோட்டை பஸ்ஸும் ஒரே அரைவட்டம்தான் அடிக்கும், மூஞ்சி ஒரே பக்கம்தான் பார்க்கும். போர்டைப் பார்த்தால்தான் தெரியும். அவன் வேகத்தைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான், போர்டைப் பார்க்கவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஹால் டிக்கெட் புதுக்கோட்டைக்குப் போகிறது, பரீட்சை திருச்சியில் நடக்கப் போகிறது. நடுவில் வெள்ளரிப்பிஞ்சும் கையுமாக நாங்கள்.

"ஏறு," என்றேன்.

என் மொபெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல வண்டி. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்தால் அதற்கு யோசனை வந்துவிடும். பஸ் தூரத்தில் பெட்டிக்கடை அளவில் தெரிந்தது. ஸ்டாப்பில் நிற்கும், நாங்கள் நெருங்குவோம், கிளம்பிவிடும். அடுத்த ஸ்டாப், மறுபடியும் நெருங்குவோம், மறுபடியும் கிளம்பிவிடும். நான் ஹாரன் அடித்தேன். அது தனியார் பஸ். பின்னால் வருகிறவன் போட்டிக்கு வருகிறான் என்று நினைத்து டிரைவர் இன்னும் மிதித்தார்.

"வேகமாப் போடா!"

"இதான் வேகம். வேணும்னா எறங்கித் தள்ளு."

"நமக்கும் பஸ்ஸுக்கும் ரிலேட்டிவ் வெலாசிட்டி மைனஸ்ல போவுதுடா!"

"ஒன்னைய எறக்கி விட்டா பிளஸ்ஸாயிரும். விடவா?"

எங்களைக் காப்பாற்றியது ஒரு வைக்கோல் டிராக்டர். ரோட்டையே அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் எங்கள் வேகத்துக்கு இறங்கி வந்தது. நான் இடதுபக்கம் மண்ணில் இறக்கி, பஸ்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு ஜன்னலில் பை இருந்தது. பைக்குப் பக்கத்தில் ஒரு ஆத்தா, மடியில் கூடை.

"ஆத்தா! அது எம் பை!" என்று நண்பன் கத்தினான்.

அவர் சாவகாசமாகத் திரும்பினார். "ஒன்னுதா? ஏன்யா, எடத்தப் போட்டுட்டு எங்கிட்டுப் போன? இங்கன ஒருத்தன் உக்காரணும்னு உசுர எடுக்கான். ஆள் வருது ஆள் வருதுன்னு சொல்லி வச்சுக்கிட்டு வாரேன்."

பின்னால் கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர் குனிந்து எங்களைப் பார்த்தார். "இவந்தானா ஆளு? தம்பி, நீ உக்காரப் போறியா இல்லியா? ஒண்ணு சொல்லு!"

"உக்காரலைங்க! நீங்க உக்காருங்க! பையை மட்டும் குடுங்க!"

"அதெப்படி?" என்றார் ஆத்தா. "பையக் குடுத்தா எடம் போயிருமேய்யா. ஏறி வா. நான் பாத்துக்கறேன்."

மண்ணில் குலுங்கியபடி நான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் பேசுவதைக் கேட்டால் எதிர் வீட்டு ஜன்னலில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. ஆத்தா எங்கே போகிறாய், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவனும் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாப்ள! பாத்தியா? சைபர்! பஸ்ஸு நமக்கு நிக்குதுடா!"

"அப்ப எறங்கி ஏறிக்க! என் முதுகை விடு!"

டிராக்டர் ஒரு வண்டிப்பாதையில் திரும்பிவிட்டது. டிரைவருக்கு விடுதலை. முன்னால் ரோடு வலதுபக்கம் வளைகிறது. பஸ் வளைய, நாங்கள் வெளிப்பக்கம். கூடவே போகவேண்டுமென்றால் பஸ்ஸைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மொபெட் முனகியது. ஜன்னல் எங்களை விட்டு நகர்ந்தது.

"ஆத்தா, பரீட்சைச் சீட்டு ஆத்தா! இல்லாட்டி எம் பொழப்பே போச்சு!"

அந்தச் சொல் வேலை செய்தது. அவர் எழுந்து பையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே எறிந்தார்.

நான் உடனே பிரேக் பிடித்தேன். அவர் எந்தப் பனைமரத்துக்கு நேரே விட்டாரோ, அந்தப் பனைமரத்தடியில் நிறுத்தித் தேட ஆரம்பித்தேன். எனக்கு நியாயம் அதுதான். போட்ட இடத்தில்தானே பொருள் கிடக்கும். நண்பன் என்னைத் தாண்டி ஓடினான்.

"அங்க இல்லடா! பஸ்ஸோட வேகம் அதுகிட்ட இருக்குடா! நேரா, முன்னால!"

வளைகிற ரோட்டை விட்டு இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் போட்ட அம்பு மாதிரி நேராக ஓடினான். ஓடிப் போய் ஒரு கருவேலமரப் புதருக்குள் தலையை விட்டான். முள்ளோடு பையை இழுத்துக்கொண்டு வந்தான். அப்போது அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பஸ் ஸ்டாண்டில் சிரித்ததைவிட மோசம். நான் இன்னமும் பனைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஊரெல்லாம் சொல்கிற கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அங்கிருந்து வண்டியைத் திருப்பி நேரே திருச்சி. அவன் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் புத்தகத்தை விரித்துப் படித்தான். பக்கத்தைக் காற்றே திருப்பியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் மூக்கு ஏதாவது ஒரு ஃபார்முலாவில் இடித்தது. "மெதுவாப் போ, கணக்கு புரியல" என்பான். அடுத்த நொடி "வேகமாப் போ, கதவைச் சாத்திருவாங்க" என்பான். கடைசி நிமிஷத்தில் கதவுக்குள் ஓடினான். சட்டையில் முள் கிழித்த கோடு முதுகு பூராவும் இருந்தது.

வெளியே வந்தவனிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"ஒரு வண்டி வளைவுல போவுது. இன்னொரு வண்டி பக்கத்துல போவுது. முதல் வண்டியில இருக்கிறவனுக்கு ரெண்டாவது வண்டி எப்புடித் தெரியும்னு கேட்டான்."

"நீ என்ன எழுதுன?"

"மொதல்ல, கூடை வச்ச ஒரு ஆத்தா தெரியும்னு கைக்கு வந்துருச்சு. அடிச்சுட்டு அப்பறம் கணக்குப் போட்டேன்."

சரியாகப் போட்டானா என்று அவனுக்கே தெரியவில்லை. ரிசல்ட் வரும்வரை அவன் டீக்கடைக்கே வரவில்லை. அந்தப் பெரிய பெட்டி அவன் வீட்டு வாசல் அறையில் பூட்டியே கிடந்தது. தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. நான்கூடக் கிண்டல் பண்ணவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வருகிற அன்றைக்கு நான் கடையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கை வேலையில் நிற்கவில்லை. போன் பண்ணப் பயமாக இருந்தது. அதனால் மெசேஜ் அனுப்பினேன்: "என்னடா ஆச்சு? பாஸா, வெள்ளரிப்பிஞ்சா?"

ஒரே ஸ்க்ரூவை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். பிறகு ஒரே ஒரு வரி வந்தது:

"ஓசூர் பஸ்ஸுல எனக்கு ஒரு துண்டு போட்டு வைடா."